செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: எந்த ஆப்ஷனுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது. ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், கிரானைட் தொழிலில் இருப்பவர், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறு தருமபுரி வரும் தம்பிகள் என்று எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். பெங்களூரு 90 கிலோமீட்டர், பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே நிறைய விலைக்கு வருகின்றன, ஆசை வருவது சகஜம்.

நான் டீலரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. 2014 போர்ஷே கேமன் எஸ் ஒன்றை மூன்றாவது ஓனராக வாங்கி ஓட்டுகிறேன், அதில் பட்டதும் கற்றதும்தான் கீழே இருப்பது. உதாரணம் பெரும்பாலும் போர்ஷேவாகவே வரும், எனக்குத் தெரிந்த வண்டி அது என்பதால். பிஎம்டபிள்யூ, ஆடி பார்ப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

1. அண்ணா, ஆப்ஷன் ஆப்ஷன்னு சொல்றாங்களே, டாப் மாடல் வாங்கினா எல்லாம் வந்துடாதா?

வராது. மாருதி, ஹூண்டாயில் பேஸ், மிட், டாப் என்று கம்பெனியே மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறது. போர்ஷேவில் அப்படி இல்லை. புதுசாக வாங்கியவர் ஒரு நீளமான பட்டியலை எடுத்துவைத்து வேண்டியதை மட்டும் டிக் அடித்து ஆர்டர் கொடுத்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. அதனால் ஒரே வருஷம், ஒரே கலர், ஒரே மாடல் பெயர் உள்ள இரண்டு கேமன் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் உள்ளுக்குள் வேறு வேறு வண்டியாக இருக்கும்.

எல்லா வண்டிக்கும் இந்தத் தலைவலி கிடையாது. 2016-இல் இங்கே வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒரே வேரியன்ட். 2020-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 மொத்தமே 200 வண்டி, போக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ-யில் 99 வண்டிதான். இவற்றை வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம், கண்டிஷனைப் பார்த்தால் போதும்.

2. புதுசுல பத்துப் பதினைஞ்சு லட்சம் கொடுத்துப் போட்ட ஆப்ஷன் எல்லாம் பழசுல சும்மா கிடைக்குதாமே, அள்ளிக்கலாமா?

பாதி உண்மை. வண்டியின் விலையை விட ஆப்ஷனின் விலை வேகமாகக் கரையும். முதல் ஓனர் ஆசை ஆசையாகப் போட்டதற்கு மூன்றாவது ஓனர் தனியாகக் காசு தருவது அபூர்வம். இதுவரை உங்களுக்கு லாபம்.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஆப்ஷனின் விலை இறங்கும், அதன் ரிப்பேர் செலவு இறங்காது. அந்த ஸ்பேர் பார்ட்டை இன்றைக்குக் கவுண்டரில் கேட்டால் இன்றைய விலைதான் சொல்வார்கள், வண்டி பழசு என்று தள்ளுபடி தரமாட்டார்கள். என் வண்டியில் பாஸ்ம் என்று சொல்கிற எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இருக்கிறது, வாங்கும்போது அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவில்லை என்று பெருமையாகத் திரிந்தேன். எட்டாவது மாதம் முன் பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிந்தது. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அந்த பில்லை வீட்டில் இன்றுவரை காட்டவில்லை.

ஆகவே ஒவ்வொரு ஆப்ஷனைப் பார்த்ததும், ‘இது இருந்தால் எவ்வளவு சுகம்’ என்பதோடு ‘இது கெட்டால் எவ்வளவு’ என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி கீழே திரும்பத் திரும்ப வரும்.

3. விக்கிறவரு ‘ஃபுல்லி லோடட்’னு சொல்றாரு. நெஜமா என்னென்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாயால் சொல்வதை விடுங்கள், ஸ்டிக்கரைப் பாருங்கள். என் தலைமுறை போர்ஷேக்களில் முன் பானட்டைத் தூக்கினால் அதன் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும். சேசிஸ் நம்பருக்குக் கீழே மூன்று மூன்று இலக்கமாக எண்கள். 475 என்றால் பாஸ்ம், 450 செராமிக் பிரேக், 640 ஸ்போர்ட் க்ரோனோ (எட்டாவது கேள்வியில் வரும்), 220 பின் சக்கரங்களுக்கான லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்ற சக்கரத்துக்கு இழுவை போகச் செய்யும் பாகம். போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிதானமாகத் தேடிப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு எழுத்து இருந்தால் ஆன்லைனிலேயே முழுப் பட்டியலும் வந்துவிடும்.

இன்னொரு விஷயம். பானட்டில் ஸ்டிக்கர் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த பானட் மாற்றியதாகவோ பெயின்ட் அடித்ததாகவோ இருக்கலாம். ஓசூரில் ஒரு வண்டி பார்க்கப் போனபோது இப்படித்தான், ஆப்ஷன் தேடப்போய் ஆக்சிடென்ட் கிடைத்தது. விற்பவரும் பாவம், தனக்கு முந்தைய ஓனர் சொல்லவில்லை என்றார். இருக்கலாம்.

4. எதைப் பின்னாடி போட்டுக்கலாம், எது இருந்தே ஆகணும்?

ஆண்ட்ராய்டு ஆட்டோ வரும் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், ஸ்பீக்கர் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வெளியில் போட்டுக்கொள்ளலாம். 2014-இல் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய நேவிகேஷன் இன்றைக்கு உங்கள் போனுக்கு முன்னால் நிற்காது. அதைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலும் பல வண்டிகளில் லீவர் மாட்டி கோடிங் செய்தால் வந்துவிடும், நான் அப்படித்தான் போட்டேன்.

போட முடியாதவை, அல்லது போட்டால் செலவு எக்கச்சக்கமாகப் போய் நிற்பவை: எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் வகை, ஸ்போர்ட் க்ரோனோ, சீட்டுக்குள் காற்று வரும் வசதி. இவற்றில் எது வேண்டும் என்று வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். வண்டியைப் பார்த்தபிறகு மனசு எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடும்.

5. 20 இன்ச் வீல் போட்ட வண்டி சூப்பரா இருக்கு ப்ரோ, அதையே எடுக்கலாமா?

நிற்கும்போது சூப்பர்தான். என் மாடலில் முன் டயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். 19 இன்ச்சில் 235/40, அதாவது ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் 94 மில்லிமீட்டர் ரப்பர். 20 இன்ச்சில் 235/35, 82 மில்லிமீட்டர். பேஸ் கேமனில் வந்த 18 இன்ச்சில் 106. ஒரு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம், ஆனால் ராயக்கோட்டை ரோட்டில் ராத்திரி பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று திடீரென்று வந்தால் அந்த ஒரு விரல்தான் ரிம்மைக் காப்பாற்றும்.

என் வண்டி 20 இன்ச்சோடுதான் வந்தது. முதல் வருஷத்திலேயே ஒரு டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது, ஒரு ரிம் கோணியது. வேறொருவர் கழற்றிப்போட்ட 19 இன்ச் செட் தேடி வாங்கி மாட்டினேன், ஒரிஜினல் 20 இன்ச் நான்கும் வீட்டுப் பரணில் சாக்கு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன, விற்கும்போது கொடுக்க. நீங்கள் பார்க்கும் வண்டியில் பெரிய வீல் இருந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம், சின்ன வீல் மாட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டயரின் வயசையும் பாருங்கள்: பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கம்மியாக ஓடும் வண்டிகளில் டயர் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகிப் போயிருக்கும்.

6. சஸ்பென்ஷன் ஆப்ஷன் இருந்தா வண்டி உயரமாகுமா? நம்ம ஊரு வேகத்தடைல அடி தட்டுமேன்னு பயம்.

உயரமாகாது. இதில் பலர் ஏமாறுகிறார்கள். கேமனில் பாஸ்ம் இருக்கும் வண்டி சாதாரண வண்டியை விட 10 மில்லிமீட்டர் கீழே இருக்கும். அதைவிட இறுக்கமான ஸ்போர்ட் சஸ்பென்ஷன் என்று ஒன்று உண்டு, அது 20 மில்லிமீட்டர் கீழே. அந்தக் கடைசி வகையை நம் பக்கத்துக்கு யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

பாஸ்ம் மட்டும் எனக்குப் பிடிக்கும், இரண்டாவது கேள்வியில் அழுததற்குப் பிறகும். நார்மலில் வைத்தால் காவேரிப்பட்டினம் தாண்டி ஊருக்குள் போகிற ரோடுகளில் இடுப்பு பிழைக்கிறது, பட்டனைத் தட்டினால் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசியிலும் வண்டி சாயாமல் திரும்புகிறது. வாங்கும்போது நான்கு ஷாக்கிலும் கசிவு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். அடி தட்டுவது பற்றி: வேகத்தடையைக் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முன் பம்பருக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பது விரலில் தெரியும்.

7. செராமிக் பிரேக் இருக்காம், மஞ்சக் கலர் காலிப்பர். தொப்பூர்ல இறங்குறதுக்கு நல்லதுதானே?

தருமபுரியில் இருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் போவதைக் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் பிரேக் என்றாலே ஒரு பயம். ஆனால் அங்கே சரக்கு ஏற்றிய லாரி பல டன் எடையோடு, கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவதால் சூடேறி மங்கிப்போகிறது. ஒன்றரை டன்னுக்கும் குறைவான கேமனுக்குச் சாதாரண இரும்பு டிஸ்க்கே தாராளம், இரண்டு கியர் குறைத்தால் பிரேக்குக்கு வேலையே இல்லை.

செராமிக் நல்ல சரக்குதான், டிஸ்க்கின் எடை பாதியாகக் குறையும், துரு பிடிக்காது, சக்கரத்தில் கரித்தூள் படியாது. ஆனால் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும், அது பல லட்சம். வீலைக் கழற்றும்போது டயர் கடைப் பையன் கை நழுவினாலே அந்தச் சில்லு போய்விடும். ரேஸ் ட்ராக்குக்குப் போகிறவர் யோசிக்கட்டும், நமக்கு வேண்டாம்.

அப்புறம், காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், அது மஞ்சளாக இருப்பதே சாட்சி ஆகாது. பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஒரு சின்ன காந்தத்தை எடுத்துப்போய் டிஸ்க்கின் மீது வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. காந்தம் இல்லையென்றால் வண்டியைக் கழுவச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். இரும்பு டிஸ்க்கில் அதற்குள் ஆரஞ்சாகத் துருப் படலம் வந்திருக்கும்.

8. ஸ்போர்ட் க்ரோனோன்னா டேஷ்போர்டு மேல இருக்கிற கடிகாரமா? அதுக்கா அவ்ளோ காசு?

கடிகாரம் வெறும் அடையாளம். விஷயம் ‘ஸ்போர்ட் ப்ளஸ்’ பட்டனில் இருக்கிறது. கேமன் எஸ்-ஸில் பிடிகே என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.9 விநாடி, ஸ்போர்ட் க்ரோனோ இருந்தால் 4.7. அந்த 0.2 விநாடியைக் கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஒரு முறை அனுபவித்தேன், அதன்பிறகு அந்த பட்டனைத் தொட்டதாக நினைவில்லை. இருந்தால் சந்தோஷம். இதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஆனால் விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான்.

9. சத்தம் வேணும் ப்ரோ. ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் இல்லாத வண்டில வெளில போட்டுக்கலாமா?

போட்டுத் தருவார்கள், மாட்டிக்கொள்வது நீங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி கொடுத்ததை மாற்றக் கூடாது என்கிறது, மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. கம்பெனியிலேயே வந்த ஸ்போர்ட் எக்ஸாஸ்ட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, பட்டனில் திறந்து மூடலாம், விடியற்காலையில் தெருவை எழுப்பாமல் கிளம்பலாம். எனவே சத்தம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் இதை நான்காவது கேள்வியின் ‘இருந்தே ஆகணும்’ பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே வெளியில் மாற்றிய வண்டி என்றால் ஒரிஜினல் சைலன்சர் கையில் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் அதன் விலையைக் கழியுங்கள்.

10. சீட் எந்த மாதிரி பாக்கணும்?

ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திய கறுப்பு லெதர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காற்று வரும் சீட் கிடைத்தால் விடாதீர்கள். சூடேற்றும் சீட் என்று ஒன்று ஐரோப்பாக்காரன் வசதிக்கு வருகிறது, அதற்கு ஐந்து பைசா மதிப்பு கிடையாது. பக்கெட் சீட் (இரண்டு பக்கமும் உயர்ந்து ஆழமாக இருப்பது) இருக்கும் வண்டியை எடுக்கும் முன் வீட்டில் பெரியவர்களை ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். என் மாமனார் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘மாப்ளே, இது காரா கிணறா?’ என்றார்.

11. திறந்த டாப் பாக்ஸ்டர் பாக்கிறேன். நம்ம வெயிலுக்கு ஒத்து வருமா?

வருஷத்தில் மூன்று மாதம் விடியற்காலையில் மட்டும் ஒத்து வரும். கூரை 9 விநாடியில் திறந்துவிடும், பிரச்சினை அதில் இல்லை, மழைத்தண்ணீர் வடியும் குழாய்களில் இருக்கிறது. புளியமரத்தடியில் நிறுத்திய வண்டியில் அந்தப் பொடி இலை போய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். பழைய பாக்ஸ்டர்களில் சீட்டுக்கு அடியிலேயே ஒரு கன்ட்ரோல் யூனிட் இருக்கும், அது நனைந்தால் செலவு. கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள்.

12. எல்லா ஆப்ஷனும் இருக்கு, சர்வீஸ் ரெக்கார்டு இல்ல. இன்னொண்ணு மொட்டையா இருக்கு, ஆனா ரெக்கார்டு பக்காவா இருக்கு. எது?

மொட்டைதான். யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது கேள்வியில் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள்: ஆப்ஷன் கூடக்கூடக் கெடுவதற்கான இடமும் கூடுகிறது, அவற்றையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதற்குச் சாட்சி இல்லையென்றால் அந்த ‘ஃபுல்லி லோடட்’ என்பது உங்கள் தலையில் ஏற்றிய லோடுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. விற்பவர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுவரச் சம்மதித்து, அவர்கள் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, பழைய பதிவுகள் அவர்கள் சிஸ்டத்தில் கிடைத்தால் யோசிக்கலாம். போர்ஷே என்றால் ஓவர் ரெவ் ரிப்போர்ட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், இன்ஜினை எல்லைக்கு மேல் எத்தனை தடவை சுற்ற வைத்தார்கள் என்பது அதில் இருக்கும். 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று இன்ஜினுக்குள் ஒரு பலவீனமான பாகம் உண்டு, அது உடைந்தால் இன்ஜினே போகும். அந்த வருஷ வண்டிக்கு ஆப்ஷன் பட்டியலை விட அந்த பேரிங் மாற்றிய பில் பெரிய ஆப்ஷன்.

13. பெங்களூரு வண்டி, கேஏ நம்பர். டிஎன் 24-க்கு மாத்தறப்ப ஆப்ஷனால ஏதாச்சும் சிக்கல் வருமா?

வெளியில் மாற்றியது ஏதாவது இருந்தால் வரும், ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். கலர் மாற்றியிருந்து ஆர்சி-யில் பழைய கலர் இருந்தாலும் சிக்கல். மற்றபடி நடைமுறை எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்: அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர். வேறு மாநில நம்பரில் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக் கூடாது.

வரியைக் கணக்கில் வைக்காமல் விலை பேசிவிடாதீர்கள். 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயசைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் தொகை பெரிசுதான். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதியைத் திருப்பிக் கேட்கலாம், அதற்கு நடக்கத் தெம்பு வேண்டும். முதல் ஓனர் வாங்கிய அசல் இன்வாய்ஸ் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், வண்டியின் மதிப்புக்கும் ஆப்ஷன்களுக்கும் அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

14. ஆப்ஷனுக்காக அஞ்சு லட்சம் சேத்துக் கேக்கறாரு. எவ்ளோ கொடுக்கலாம்?

பேங்க் மதிப்பீட்டாளர் மாடல், வருஷம், ஓடிய கிலோமீட்டர், கண்டிஷன் இவற்றைத்தான் எழுதுவார், சீட்டில் காற்று வருகிறதா என்று எழுதமாட்டார். அந்தக் கூடுதல் பணம் முழுக்க உங்கள் கையில் இருந்து போகும். நான் செய்வது: ஸ்டிக்கரில் இருக்கும் எண்களை ஒரு தாளில் எழுதி, நான் நிஜமாகவே பயன்படுத்தப்போவதை மட்டும் வட்டமிடுவேன். பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான் வரும். அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கிப் போவேன். மீதியைக் காட்டி அவர் பேசினால், ‘அது இல்லாமலே இதே வருஷ வண்டி இன்னொன்று பார்த்துவைத்திருக்கிறேன்’ என்பேன். பொய் சொல்லாமல் நிஜமாகவே ஒன்று பார்த்துவைத்திருங்கள், குரலில் தெரியும்.

15. பாக்கப் போறப்ப கூட வர்றீங்களா? இல்லன்னா என்ன எடுத்துட்டுப் போகட்டும்?

ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன், கத்திரி வெயிலில் கூப்பிடாதீர்கள். தனியாகப் போவதானால் காந்தம், டார்ச், ஒரு பழைய துணி, போனில் சார்ஜ். காலை ஏழு மணிக்கே வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் கை கொடுத்துவிட்டு நேராகப் பின்னால் போய் சைலன்சர் நுனியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏன் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்தார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் பானட்டைத் தூக்கச் சொல்லுங்கள்.